அம்மா உண்டான மூன்று நாட்கள்

எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது எங்கள் அம்மா மூன்று நாள் கர்ப்பமாக இருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கித் திங்கட்கிழமை மத்தியானம் வரை. அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பாபநாசத்திலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் வழியிலிருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். அவர்களுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: உண்டாகியிருப்போமோ என்று நிஜமாகவே பயந்துகொண்டிருந்தவள் நான்.

முதலில் என் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் பி.எஸ்சி கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம். தினமும் ரயிலில் போய் வருவேன். கூடப் படித்த ஒருவனைப் பிடித்திருந்தது, அவனுக்கும் என்னைப் பிடித்திருந்தது. மார்கழிக் கடைசியில் ஒரே ஒரு நாள் நாங்கள் இருவரும் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டோம். அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கெட்டவனெல்லாம் இல்லை அவன். பின்னால் விஷயத்தைச் சொன்னபோது என்னைவிட அதிகமாக அழுதான். நானே அவனுக்குத் தண்ணி பாட்டிலைத் திறந்து கொடுத்துத் தேற்ற வேண்டியதாயிற்று. எரிச்சலாக வந்தது.

அடுத்து அந்த மாத்திரை. தை மாதம் எங்கள் ஊர்க் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். சிங்கப்பூரில் கட்டட வேலை செய்யும் அப்பா அதற்காகவே லீவு போட்டு வந்திருந்தார். எனக்கு மாதவிலக்கு நாள் சரியாகக் கும்பாபிஷேகத்தன்று வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் யாரும் கலங்க மாட்டார்கள். கல்யாணமோ கிரகப்பிரவேசமோ கோயில் விசேஷமோ, மருந்துக்கடையில் போய் "நாள் தள்ளிப்போட" என்று சொன்னால் போதும், மாத்திரை வந்துவிடும். டாக்டர் சீட்டாவது ஒன்றாவது. அம்மா அவள் கல்யாணத்திலிருந்தே சாப்பிடுகிறவள். எனக்கும் ஒரு அட்டை வாங்கி வந்து கொடுத்தாள்.

கும்பாபிஷேகத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு நாற்பத்தெட்டு நாள் மண்டலாபிஷேகம், அதில் பன்னிரண்டாம் நாள் எங்கள் வீட்டு முறை. "அதுவரைக்கும் சேத்துச் சாப்டுடி, ஒண்ணும் ஆவாது" என்று இன்னொரு அட்டை வந்தது. நடுவில் ரெண்டு வேளை மறந்தேன். மறந்ததையும் சேர்த்து ஒரே வாயில் விழுங்கினேன். எங்கள் முறை முடிந்தது, அப்பா விமானம் ஏறினார், நான் மாத்திரையை நிறுத்தினேன். நிறுத்திய மூன்றாம் நாள் வந்துவிடும் என்பது எங்கள் ஊர்ப் பெண்களின் கணக்கு. மூன்றாம் நாள் போயிற்று, பத்தாம் நாள் போயிற்று. இருபதாம் நாள் கெமிஸ்ட்ரி லேபில் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சொட்டுகளை விட்டுவிட்டு நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். படிப்பு போச்சு, அம்மா போச்சு, அப்பா தலைகுனிந்து ஏர்போர்ட்டில் வந்து இறங்குவார் என்று மனசுக்குள் ஒரு படமே ஓடியது.

அம்மாவிடம் சொன்னது நெல் கொள்முதல் நிலையத்தில். எங்களுக்கு ஆறு மா நிலம், அதாவது ரெண்டு ஏக்கர். அப்பா வெளிநாட்டில் இருப்பதால் நாற்றங்கால் முதல் அறுப்பு வரை எல்லாம் அம்மாதான். அறுவடை மெஷின்காரனிடம் சண்டை போடுவதும் அவள்தான். அறுத்த நெல்லைக் கொண்டுபோய்த் திடலில் கொட்டி ஒன்பது நாளாயிற்று. முன்னால் இருந்த குவியல்களுக்கே எடை போட்டு முடிந்தபாடில்லை. ராத்திரிப் பனியில் நெல் ஈரம் வாங்கும், பகலில் அதைப் பரப்பிக் காய வைக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை கல்லூரியிலிருந்து நேராக அங்கே போனேன். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நெல்லுக்குள் காலை விட்டு உழுதபடி வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தாள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தேன்.

"அம்மா, மாத்திரைய நிறுத்தி இருவத்தாறு நாள் ஆச்சும்மா. இன்னும் வரல."

"சூடுதான். ரெண்டு எளநி வெட்டித் தாரேன், குடி."

"அதில்லம்மா."

அம்மா கணுக்கால் நெல்லில் புதைய அப்படியே நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"யாரு?"

"கூடப் படிக்கிறவன்."

"கட்டாயப்படுத்தினானா?"

"இல்லம்மா."

"நெசமா சொல்லு. அப்படின்னா நான் வேற மாதிரி போவேன்."

"நெசமா இல்லம்மா."

"சரி. அழுவாத. லோடுமேன்லாம் பாக்குறான்."

அவ்வளவுதான். மீதியிருந்த நெல்லை ஒரு வரிசை விடாமல் கிளறி முடித்தாள். நான் பின்னாலேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடந்தேன். அந்தக் கால் மணி நேரம் அவள் என்ன நினைத்தாள் என்று இன்று வரைக்கும் நான் கேட்டதில்லை. முடித்ததும் காலில் ஒட்டியிருந்த நெல் சுணைத் தூசியைத் தட்டிவிட்டு, டிவிஎஸ் வண்டிச் சாவியை எடுத்தாள்.

புத்தியுள்ள யாராக இருந்தாலும் கும்பகோணம் போயிருப்பார்கள். அரை மணி நேர தூரம், நம்மை யாருக்கும் தெரியாது. எங்கள் அம்மாவுக்கு ஒன்று தெரிய வேண்டும் என்றால் அந்த நிமிஷமே தெரிய வேண்டும். வழியில் முதலில் வந்த மருந்துக்கடையில் வண்டியை நிறுத்தினாள். அது யார் கடை என்று பார்க்க வேண்டாமா? அப்பாவோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர் கடை. தினமும் அப்பாவோடு வாட்ஸ்அப்பில் பேசுகிறவர். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றேன்.

"வாம்மா தங்கச்சி, என்ன வேணும்?"

"கர்ப்பம் பாக்குற கார்டு ஒண்ணு குடுங்கண்ணே."

அவர் கை அலமாரி வரைக்கும் போய் நின்றது. அம்மாவைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, அம்மாவைத் தாண்டி, ரோட்டில் நின்ற என்னைப் பார்த்தார். "யாருக்கும்மா?" என்றார்.

அவர் பார்வை எங்கே போயிற்று என்பதை அம்மா கவனித்துவிட்டாள். அடுத்த நொடி அவள் குரல் கடைக்கு வெளியே எனக்கே கணீரென்று கேட்டது.

"எனக்குத்தான். ஏன், எனக்கென்ன கெழடு தட்டிடுச்சா? ஒங்க சிநேகிதரு லீவுக்கு வந்துட்டுப் போயி இன்னும் ஒரு மாசம்கூட முழுசா ஆவல!"

கடையில் நின்ற நான்கு பேரும் திரும்பினார்கள். பாவம் அந்த மனுஷன், காது வரைக்கும் சிவந்துபோய், கார்டைப் பேப்பரில் ரெண்டு சுற்றுச் சுற்றிக் கொடுத்தார். அம்மா வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வந்து வண்டியை உதைத்தாள். பாதி வழி வந்தாயிற்று. அப்புறம், "போவட்டும் போ. ஊருதானே, பேசிட்டுப் போவுது" என்றாள். எனக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது.

வீட்டுக்கு வந்து நான் செய்த காரியத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்தக் கார்டில் மூன்று சொட்டு சிறுநீர் விட வேண்டும், அவ்வளவுதான் வேலை. பயத்தில் நான் கார்டையே டம்ளருக்குள் போட்டு ஊற வைத்துவிட்டேன். ஒரு கோடும் வரவில்லை. ரெண்டு கோடு வந்தால் ஆமாம், ஒரு கோடு வந்தால் இல்லை, ஒன்றுமே வராவிட்டால்? அம்மா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கூடவே வந்த குறிப்புச் சீட்டைப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"மூணு சொட்டுன்னுதானடி போட்டிருக்கு! கெமிஸ்ட்ரி படிக்கிறாளாம் கெமிஸ்ட்ரி! இதுக்கு ரயில் பாஸ் வேற!"

மறுபடி அந்தக் கடைக்குப் போக முடியாது. இனிமேல் கார்டே வேண்டாம், தஞ்சாவூரில் நல்ல லேடி டாக்டரிடம் நேராகப் போய்விடலாம் என்று அம்மா முடிவு செய்தாள். போன் போட்டுக் கேட்டதில் டாக்டர் ஊரில் இல்லை, திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். ஆக, மூன்று நாள் காத்திருக்க வேண்டும்.

அன்று ராத்திரி அடுப்படியில் வைத்து அம்மா பேசினாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசியதால் கண்ணில் தண்ணீர் எதனால் வந்தது என்று தெரியவில்லை.

"இங்க பாரு. ஒம்மேல எனக்குக் கோவம் இருக்கு. கொஞ்சநஞ்சம் இல்ல. அத திங்கக்கெழம வரைக்கும் எடுத்து வெச்சிருக்கேன். இப்ப ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு. டாக்டரு ஆமான்னுட்டா, நீ என்ன செய்யணும்னு நெனைக்கிற?"

நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அடிப்பாள், அப்பாவுக்குப் போன் போடுவாள், அந்தப் பையன் வீட்டு வாசலில் போய் நிற்பாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"எனக்குப் படிக்கணும்மா."

"சரி. அது ஒண்ணு ஆச்சு. மத்தத டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம். எதுவா இருந்தாலும் நான் கூட இருப்பேன். ஒங்கப்பாகிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியம். சாப்புட வா."

சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாயோடு வந்தார். அம்மாவின் கையிலிருந்த தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கி வாங்கினார். "ஏங்க, இந்த நேரத்துல கொடத்தத் தூக்கலாமா? பொண்ணு எதுக்கு இருக்கு?" என்று என்னை ஒரு முறை முறைத்துவிட்டுக் குடத்தை என் இடுப்பில் வைத்தார். அம்மா ஊறுகாய் ஜாடியை வாங்கிக்கொண்டாள். நான் குடத்தோடு உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தேன். இருபது நாளில் முதல் சிரிப்பு. சிரிப்பு அழுகையாக மாற ரொம்ப நேரம் ஆகவில்லை.

அன்றைக்குக் கொள்முதல் நிலையத்தில் நடந்ததைத்தான் இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. நாங்கள் போனதும் லோடுமேன்களின் மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"யக்கா, நீங்க எதுக்கு வெயில்ல நிக்கிறீங்க? போயி அந்த நெழல்ல ஒக்காருங்க. டேய், அக்கா குவியல மொதல்ல ஏத்துங்கடா!"

பத்து நாளாகக் கெஞ்சியும் நகராத எடை மெஷின் தானாக எங்கள் குவியலுக்கு வந்தது. முன்னால் இருந்த ஆட்களாவது சண்டைக்கு வருவார்கள் என்று பார்த்தேன். "உண்டான பொம்பள, மொதல்ல போடட்டும்பா" என்று அவர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். யாரோ மோர் கொடுத்தார்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், லேசாகப் பெருமூச்சுகூட விட்டாள்.

"என்னம்மா இது?" என்றேன் காதோரம்.

"பேசாம இரு. கடைசி மூட்டை ஏறட்டும்."

ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்தார். அம்மா கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அப்பா முதலில் மழை விசாரித்தார். உளுந்து முளைத்துவிட்டதா என்றார். அப்புறம் குரலைத் தழைத்துக்கொண்டு, "ஏன்டி, நான் கேள்விப்பட்டது நெசமா?" என்றார்.

சொல்லாதே என்று தலையை ஆட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஒங்க சிநேகிதரு சொன்னாராக்கும்? இன்னும் ஒண்ணும் உறுதியில்லைங்க. நாளைக்கு டாக்டர பாத்துட்டுச் சொல்றேன். யார்கிட்டயும் வாய விடாதீங்க."

"சேச்சே, நான் எங்க சொல்லப்போறேன். ரூம்ல நாலு பேருக்குத்தான் தெரியும்." ஒரு தடவை செருமினார். பிறகு, "ஒடம்பப் பாத்துக்க. வெயில்ல போவாத. இந்த வயசுலன்னு ஊருல நாலு பேரு சிரிப்பான், அதெல்லாம் காதுல போட்டுக்காத. நான் இருக்கேன்ல" என்றார்.

அப்பா குரலில் அவ்வளவு வெட்கத்தை நான் கேட்டதேயில்லை. சந்தோஷமும் இருந்தது. அம்மா போனை வைத்துவிட்டுக் கரண்டியை ரொம்ப நேரம் கிண்டாமலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை. டாக்டர் என்னை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு கேட்க வேண்டியதைக் கேட்டார். யூரின் டெஸ்ட், ரத்தம், ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. அப்புறம் அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கர்ப்பம் இல்லம்மா. பயப்படாத" என்றார் என்னிடம். நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துவிட்டேன். "ஆனா நாள் தள்ளிப்போட மாத்திரை சாப்பிட்டேன்னு சொன்னியே, அது எத்தன நாள்?"

"பதினேழு நாள்" என்றேன். மறந்ததையும், சேர்த்து விழுங்கியதையும் சொன்னேன்.

"யார் இப்படி இஷ்டத்துக்குச் சாப்பிடச் சொன்னது? கண்டபடி சாப்பிட்டா ஒடம்பு கொழம்பத்தான் செய்யும். இதுல பயந்துபோயி சோறு தண்ணி, தூக்கம் இல்லாம வேற இருந்திருக்க. யார் வாங்கிக் குடுத்தா?"

"நான்தாங்க டாக்டர்" என்றாள் அம்மா. அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு டாக்டர் எனக்குச் சில விஷயங்களை நேராக, மறைக்காமல், விளக்கினார். பத்தொன்பது வயதில் நான் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை. அம்மா எழுந்து போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கூடவே கேட்டாள்.

எடுத்து வைத்த கோபம் பஸ்ஸில் வந்தது. பசுபதிகோயிலில் ஆரம்பித்தாள், அய்யம்பேட்டை தாண்டும் வரை நிறுத்தவில்லை. பக்கத்து சீட்டுக்குக் கேட்காத குரலில், ஒரு சொல் மிச்சம் வைக்காமல் திட்டினாள். எனக்கு அது தேவையாக இருந்தது. திட்டி முடித்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், "அந்த மாத்திர இல்லன்னா ஒனக்கு நாள் ஒழுங்கா வந்திருக்கும். எனக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது. நீயா வந்து சொல்லியிருக்க மாட்டல்ல?" என்றாள்.

சொல்லியிருக்க மாட்டேன் என்பது இருவருக்கும் தெரியும். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறவில்லை.

ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா ஒரே பதிலைச் சொன்னாள்: "ஒண்ணும் இல்லீங்க, சும்மா நாள் தள்ளிப் போயிருக்கு, அவ்வளவுதான்." நம்ப வேண்டுமே! தஞ்சாவூர் போய்த் திரும்பி வந்து ஒன்றும் இல்லை என்கிறாள் என்றால் அதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான். செவ்வாய்க்கிழமை காலையில் பக்கத்து வீட்டு அக்கா வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வெக்கப்பட்டா கலைச்சீங்க? சொல்லியிருந்தா நான் தொணைக்கு வந்திருப்பேனே" என்றார். அவர் மனசார வருத்தப்பட்டார், அதுதான் கொடுமை. மருந்துக்கடைக்காரர் வண்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. "இல்லைன்னு கத்திச் சொல்லேம்மா" என்றேன். "கத்துனா அப்ப யாருக்குன்னு கேப்பாங்க. சும்மா கெட" என்றாள்.

அன்று சாயங்காலம் அப்பா போன் செய்தார். ஒன்றும் இல்லை என்று திங்கட்கிழமையே அம்மா அவருக்குச் சொல்லியிருந்தாள். அன்றைக்கு அவர் மழையையும் விசாரிக்கவில்லை, உளுந்தையும் விசாரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. நெசமாவே ஒண்ணும் இல்லியா? இல்ல, எனக்குத் தெரியாம... ஊருல வேற மாதிரி சொல்றானுவ."

நாலு நாளாக ஊர் முழுக்கச் சமாளித்தவளுக்கு அந்த ஒரு ஆளிடம் கதை ஜோடிக்க வரவில்லை. உண்மையையும் சொல்ல மாட்டாள், எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். "இல்லைங்க" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு "ம்" மட்டும் வந்தது. அவர் நம்பவில்லை என்பது எனக்கே தெரிந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

போனைப் பிடுங்கினேன். "அப்பா, அந்தக் கார்டு அம்மாவுக்கு இல்லப்பா. எனக்கு. எனக்குத்தான் வாங்குனாங்க. எனக்கும் ஒண்ணும் இல்ல. ஆனா எனக்குத்தான்."

அப்பா பதில் சொல்வதற்குள் அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அத்தனை நாளும் என் மேல் படாத கை.

"நான் இவ்ளோ பாடுபட்டு மூடி வெச்சத இப்படிப் போட்டு ஒடைச்சிட்டியேடி! ஒன்ன யாருடி கேட்டா?" அழுதுகொண்டே இன்னொன்று வைத்தாள். போன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. தரையிலிருந்து, ஒரு கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அப்பா கத்தினார்.

"ஏய்! புள்ளைய அடிக்காதடி! போன அதுகிட்ட குடு!"